மெயின்ஷீட் விட்டால் ஓட வேண்டும்: சிறிய பாய்ப்படகில் பூம் கட்டும் வேலை

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். மெயின்ஷீட் என்பது துணி அல்ல, கயிறு. பாயின் அடியில் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியக் குழாய் பூம், அந்தப் பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் நம் கையில் இருக்கும் கயிறு மெயின்ஷீட், அவ்வளவுதான். கப்பல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த தூத்துக்குடி அண்ணன் ஒருவர் தோணிக்காரக் குடும்பம், அவர் இதைத் தாமான் என்பார். நான் பாய்ப்படகு ஓட்டப் பழகப் போகிறேன் என்றதும் அவர் சொன்ன ஒரே புத்திமதி: "தாமான விட்டுட்டா பாய் செத்துரும் தம்பி, பொறவு என்ன பயம்?"

சரியான பேச்சுதான். ஆனால் விட்டால் கயிறு ஓட வேண்டுமே.

நான் வாங்கிய முதல் மெயின்ஷீட் 11 மீட்டர். கடையில் மிச்சம் கிடந்த துண்டு, மலிவாகக் கிடைத்தது, போதும் என்று நினைத்துவிட்டேன். போதாக்குறைக்கு வால்முனை தண்ணீரில் இழுபடக் கூடாது என்று, படகுக்குள் கால் மாட்டிக்கொள்ளும் பட்டையில் அதை ஒட்டக் கட்டியும் வைத்தேன். ஜூன் மாதம் ஒரு காலை, சிங்கப்பூரில் சாங்கிக்கும் புலாவ் உபின் தீவுக்கும் நடுவே, மேற்கே வானம் கறுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே 'இன்னும் ஒரு சுற்று' என்று போனேன். சுமத்ரா காற்று வந்து அறைந்ததும் பழகிக் கொடுத்தபடி கையை விட்டேன். கயிறு சர்ரென்று ஓடியது, பூம் பாதி தூரம் போனது, டக்கென்று நின்றுவிட்டது. கயிறு தீர்ந்துபோயிற்று. பாய் காற்றை உதறாமல் வாங்கிக்கொண்டே இருக்க, படகு என்னைத் தண்ணீரில் கொட்டியது, நிமிர்த்தினேன், மறுபடி கொட்டியது. மூன்றாவது முறைக்குப் பிறகு பாதுகாப்புப் படகுக்காரர்கள் வந்து, ஒன்றும் சொல்லாமல், கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

இந்தச் சுமத்ரா காற்று நமக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரும், பெரும்பாலும் விடிவதற்கு முன்னிருந்து நண்பகலுக்குள், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துவிட்டுப் போய்விடும். மற்ற நாளெல்லாம் சிங்கப்பூர்க் கடலில் காற்று சோம்பேறிதான். அதனால் நாம் எல்லோரும் சோம்பேறிக் காற்றுக்கு ஏற்றபடி கட்டிப் பழகிவிட்டு, அந்த ஒரு நாளில் மாட்டிக்கொள்கிறோம். கீழே எதைச் செய்யும்போதும் ஒன்றைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்: கையை விட்டால் இது ஓடுமா?

உதாரணத்துக்கு லேசர் படகையே எடுத்துக்கொள்கிறேன். இப்போது அதன் அதிகாரப் பெயர் ஐஎல்சிஏ, ஆனால் கரையில் எல்லோரும் இன்னும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். 4.23 மீட்டர் நீளம், ஒரே ஆள், ஒரே பாய், பெரிய பாய் போட்டால் 7.06 சதுர மீட்டர். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் படகு என்பதால் பழைய படகும் உதிரிச் சாமானும் எளிதில் கிடைக்கும். உங்களிடம் வேறு படகு இருந்தாலும் கயிறு போகும் வழி கொஞ்சம் மாறும், தர்க்கம் மாறாது.

கயிறு

நீளத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், நீங்களே கணக்குப் போடுங்கள். பூமைப் படகுக்குக் குறுக்காக, முழுசாக வெளியே தள்ளி நிறுத்தி யோசியுங்கள். பூமின் பின்முனையிலிருந்து படகின் பின்பக்கத்துக்குச் சுமார் 4 மீட்டர், அங்கே கயிறு இரண்டு மடக்காகப் போகிறது, ஆக 8. பூமை ஒட்டி முன்னால் வருவதற்கு ஒன்றரை. பூமின் நடுவிலிருந்து படகின் தரைக்கு இன்னொரு ஒன்றரை, இரண்டு. கையில் பிடிக்கவும் மடியில் கிடக்கவும் 2 மீட்டர். கூட்டினால் 13 முதல் பதிமூன்றரை மீட்டர் வருகிறது. அதனால்தான் லேசருக்கு 13 முதல் 14 மீட்டர் வரை வாங்குகிறார்கள். என் 11 மீட்டர் எங்கே உதைத்தது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தடிமன் 6 அல்லது 7 மி.மீ. கைக்கு 7 சுகம், முதல் ஆறு மாதத்துக்கு அதையே போடுங்கள். மெல்லிய காற்றில் 6 நல்லது, ஏனென்றால் கனமான கயிறு நனைந்து தொங்கும்போது அதன் எடையே பூமைப் படகின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு வரும், நீங்கள் விட்டாலும் பூம் வெளியே போகாது. இங்கே பல நாள் காற்று அப்படித்தான் இருக்கும். கடையில் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வளைத்தால் விறைப்பாக நிற்கிற கயிறு கப்பியில் ஓடாது. மேல்நெசவு மென்மையாக, தண்ணீர் குடிக்காததாக இருக்க வேண்டும். டைனீமா என்ற நீளாத, வலுவான இழையில் உள்கயிறு வைத்த விலையுயர்ந்த ரகம் மெயின்ஷீட்டுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி, அந்தக் காசை நல்ல கப்பியில் போடுங்கள். அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் வன்பொருள் கடையில் விற்கும் நீல நைலான் கயிறு கொடி கட்டத்தான் லாயக்கு. ரப்பர் மாதிரி இழுபடும்.

கோக்கும் வரிசை

படகைத் தள்ளுவண்டியில் வைத்தபடியே மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். காற்று திரும்பினால் நீங்களும் திருப்புங்கள், சோம்பல்படாதீர்கள், புல்தரையில் பூம் வீசி மண்டையில் அடி வாங்கியவர்கள் கடலில் வாங்கியவர்களை விட அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாய் மாட்டிய மரத்தை நட்டபிறகு, பூமின் முன்முனையை மரத்தில் இருக்கும் கொண்டியில் செருகுங்கள். கப்பிகள் எல்லாம் கீழே பார்த்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தலைகீழாகச் செருகி முழுப் பாயையும் கட்டி முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாயின் பின்கோடியில் உள்ள கண்ணை ஒரு சின்னக் கயிற்றால் பூமோடு சேர்த்துச் சுற்றிக் கட்ட வேண்டும். பாய் பூமை விட்டு மேலே எழும்பக் கூடாது, ஆனால் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். ஒரு சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி போதும். அப்புறம் பாயைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கயிறு. அதன் பிறகு வாங், அதாவது பூமை மேலே தூக்கவிடாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் கப்பிக் கூட்டம். அதை மாட்டுங்கள், இறுக்காதீர்கள். சில பழைய வாங்குகளில் ஒரு சாவி மாதிரித் துண்டு பூமில் உள்ள துளையில் நுழைந்து நிற்கும், ரொம்பத் தளர்த்திவிட்டால் அது தானாகக் கழன்று விழும், ஆகவே ஒரு சுற்று டேப்பாவது போட்டுவையுங்கள்.

இப்போது படகின் பின்பக்கம். அங்கே டிராவலர் என்று ஒரு கயிறு இருக்கிறது. இரண்டு பக்க மூலையிலும் ஒவ்வொரு வளையம், அவற்றின் வழியாகக் கயிறு குறுக்கே போய், இரண்டு கால்களும் முன்னால் வந்து நடுவில் சந்தித்து, ஒரு முனை மற்றதில் போட்ட போலைன் என்ற வளைய முடிச்சின் கண்ணுக்குள் நுழைந்து, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் முக்கோணம். இதன் பின்கோட்டில்தான் இரட்டைக் கப்பி உட்கார வேண்டும், கீழ்க்கப்பி டிராவலரில் ஓட, மேல்கப்பி மெயின்ஷீட்டுக்கு. முடிச்சு முன்பக்கமே இருக்கட்டும், பின்கோட்டில் முடிச்சு வந்தால் கப்பி அதில் முட்டி நிற்கும்.

சுக்கான் பிடியாகிய டில்லர் இந்த டிராவலருக்குக் கீழேதான் போக வேண்டும். மேலே போட்டுவிட்டால் கரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். தண்ணீரில் இறங்கி முதல் திருப்பம் போடும்போது கயிறு டில்லரைப் பிடித்து இழுக்கும், சுக்கான் திரும்பாது, நீங்கள் பாசிர் ரிஸ் கடற்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இலவசக் காட்சி ஆகிவிடுவீர்கள். கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் போதும், ஆனால் அதைத் தண்ணீரில் மிதந்துகொண்டு செய்வது வேறு கதை.

டிராவலர் இறுக்கமாக இருக்கட்டும். தளர்வாக விட்டால் கயிற்றை இழுக்கும்போது முக்கோணம் கூரை மாதிரி மேலே எழும்பி, கப்பி நடுவிலேயே நின்றுவிடும். இறுக்கினால் காற்று தள்ளும் பக்கத்து மூலைக்கு அது போய் உட்காரும், அதுதான் வேண்டும். ஆனால் டில்லர் அதன் அடியில் உரசும் என்பதால் பழைய மர டில்லரில் சீக்கிரம் ஒரு பள்ளம் விழுந்துவிடும். உரசும் இடத்தில் ஒரு வழவழப்பான பட்டை ஒட்டிவிடுங்கள்.

இனி மெயின்ஷீட். பெரும்பாலானவர்கள் பூமின் பின்முனையில் முதலில் முடிச்சைப் போட்டுவிட்டு, அங்கிருந்து 13 மீட்டரையும் ஒவ்வொரு கப்பி வழியாகவும் இழு இழு என்று இழுப்பார்கள். எதிர்த்திசையில் செய்யுங்கள், வேலை பாதி. கயிறு முழுவதையும் படகுக்குள் குவித்துப் போட்டு, ஒரு முனையை மட்டும் எடுத்து, தரையில் நிற்கும் ராட்செட் கப்பிக்குள் (ஒரு திசையில் மட்டும் சுழலும் பல்சக்கரக் கப்பி) பின்பக்கத்திலிருந்து நுழையுங்கள், உருளைக்கு அடியில் போய் முன்பக்கமாக மேலே வரும். அதை நேராகத் தூக்கி, பூமின் நடுவில் தொங்கும் கப்பியின் முன்பக்கமாக நுழைத்துப் பின்பக்கம் எடுங்கள். அங்கிருந்து பூமை ஒட்டியே பின்னால் போகும் வழியில் ஒரு சின்ன வளைவுப் பட்டை இருக்கும், அதற்குள்ளும் விடுங்கள், இதை மறந்தால் கயிறு தொங்கி, திரும்பும்போது உங்கள் கழுத்தைப் பதம் பார்க்கும். பிறகு பூமின் பின்முனைக் கப்பி, அதன் மேல் ஏறிக் கீழே இறங்கி, டிராவலரில் உட்கார்ந்திருக்கும் மேல்கப்பிக்கு அடியில் புகுந்து, மறுபடி மேலே. பின்முனைக் கப்பியின் அடியிலேயே ஒரு சிறு கண் இருக்கும், பெக்கெட் என்பார்கள், அதில் போலைன் போட்டு முடியுங்கள். போலைன் எவ்வளவு இறுகினாலும் பிறகு அவிழ்க்க வரும், அதனால்தான் அது.

பின்னால் நின்று பாருங்கள். பூமிலிருந்து டிராவலருக்கு இறங்கும் இரண்டு கயிறும் இணையாக நிற்க வேண்டும். ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தால் கப்பியை அரைச்சுற்று திருப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இழுக்கும்போது தெரியாது, விடும்போது பிரேக் மாதிரிப் பிடிக்கும்.

பூமை இப்போது எத்தனை கயிறு கீழே இழுக்கிறது என்று எண்ணுங்கள். பின்முனையில் இரண்டு, நடுவில் ஒன்று, ஆக மூன்று. நீங்கள் 3 மீட்டர் இழுத்தால் பூம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே வரும், அதற்கு ஈடாகக் கையில் சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கப்பியில் உரசல் இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு குறையாது. 'இன்னும் இரண்டு கப்பி சேர்த்தால் இன்னும் லேசாகுமே' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். லேசாகும், கயிறும் நீளும், உரசலும் ஏறும், மெல்லிய காற்றில் விட்டால் ஓடவே ஓடாது. வேண்டாம்.

அடுத்து காது. படகுக்குள் உட்கார்ந்து கயிற்றை இழுங்கள். ராட்செட் கப்பி கிர்ர்ர் என்று பல் எண்ண வேண்டும். விடும்போது சத்தமில்லாமல் கயிற்றைக் கொஞ்சம் கவ்விப் பிடிக்க வேண்டும், அதுதான் உங்கள் கைக்குத் துணை. இழுக்கும்போது சத்தமில்லாமல், விடும்போது சத்தம் வந்தால் கயிற்றைத் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள். இரண்டிலும் சத்தமே வராவிட்டால் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தான் அணைந்திருக்கலாம், அல்லது உள்ளே உப்பு ஏறியிருக்கலாம். ஹார்கனோ ரான்ஸ்டனோ, ஏதாவது நல்ல நிறுவனத்து ராட்செட் ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவினால் நெடுநாள் உழைக்கும்.

கடைசியாக வால்முனை. இதில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போடுவதா, கால் பட்டையில் கட்டுவதா என்று இரண்டு கட்சி இருக்கிறது. கட்டினால் கயிறு படகை விட்டு வெளியே போகாது. நான் இன்றும் கட்டத்தான் செய்கிறேன், ஆனால் சூடு கண்ட பூனை என்பதால் கட்டியபிறகு பூமை முழுசாகக் குறுக்கே தள்ளிப் பார்த்து, அப்போதும் மடியில் ஒரு மீட்டர் மிச்சம் இருந்தால்தான் தண்ணீருக்குள் இறங்குகிறேன். லேசரின் மரத்துக்குப் பக்கக் கம்பி கிடையாது, பூம் படகுக்குக் குறுக்காக நிற்கும் நிலையையும் தாண்டி முன்னால் போகும். அதற்கும் இடம் வையுங்கள். படகின் ஓரத்தில் மெயின்ஷீட்டைப் பூட்டி வைக்கும் கிளீட் இருந்தால், புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பூட்டிய கயிறு விட்டால் ஓடாது, வேறு விளக்கம் எதற்கு.

பூமில் உள்ள சாமான்கள்

இது கொஞ்சம் அழுக்கான வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை.

பழைய படகு வாங்கினால் முதலில் பாயைப் பார்க்காதீர்கள், பூமைப் பாருங்கள். பூம் அலுமினியம். அதில் கப்பிகளைத் தாங்கும் பட்டைகள் எவர்சில்வர். இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர், அதுவே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது, தோற்பது எப்போதும் அலுமினியம்தான். பட்டையின் ஓரத்தில் கல்லுப்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். சுரண்டிய இடம் பளபளவென்று இருந்தால் மேலோட்டம். குழி விழுந்து, ஓரத்தில் வண்ணம் கொப்புளமாக எழும்பியிருந்தால் ரிவிட்டுக்கு அடியில் அரிப்பு இருக்கிறது. பட்டையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், ஒரு முடியளவு அசைந்தாலும் மாற்ற வேண்டியதுதான். முக்கியமாக நடுக் கப்பி, வாங் மாட்டும் இடம். பூம் வளைவதும் முறிவதும் அந்தப் பக்கம்தான், ஏனென்றால் வாங் கீழே இழுக்க, பாய் மேலே தூக்க, நடுவில் துளை வேறு போட்டு வைத்திருக்கிறோம்.

நான் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்று பூமை எடுத்துக்கொண்டு போனேன். ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர். மின்தூக்கிக்குள் சாய்த்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, நுழைத்தாகிவிட்டது. எட்டாவது மாடியில் ஏறிய பக்கத்து வீட்டு அக்கா மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, துணி காயப்போடுற கம்பு இப்ப அலுமினியத்துல வருதா? எங்க வாங்குனீங்க?" மூங்கில் கம்பு ஒன்றுக்கு மேல் முறிந்த வீடு போலிருக்கிறது. படகுச் சாமான் என்று சொன்னதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குள் அலுமினியத்தில் டிரில் போட்டால் மேல்மாடி கீழ்மாடி இரண்டும் கேட்கும், ஆகவே நீங்கள் படகுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளுங்கள்.

பழைய ரிவிட்டைக் கழற்றும் முறை இது. ரிவிட் தலையின் நடுவே ஒரு சின்னக் குழி இருக்கும், அதற்குள் ஆணித் தண்டின் மிச்சம் உட்கார்ந்திருக்கும். மெல்லிய பஞ்ச், அதாவது மழுங்கிய முனை உள்ள தட்டு உளி வைத்து ஒரு தட்டு, தண்டு உள்ளே விழுந்துவிடும். தண்டை எடுக்காமல் டிரில் வைத்தால் நுனி வழுக்கி, பூம் முழுக்கக் கோடு கிழித்துவிடும். பிறகு ரிவிட் அளவுக்கே டிரில் வைத்து, தலையை மட்டும் அரையுங்கள். தலை வளையம் மாதிரிக் கழன்று டிரில்லில் சுற்றும், அங்கே நிறுத்துங்கள். மேலும் அழுத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்தத் துளை எதற்கும் ஆகாது. மிச்ச உடலை அதே பஞ்ச் உளியால் உள்ளே தள்ளுங்கள். பூமைச் சாய்த்தால் உள்ளே கலகலவென்று உருளும், முனை மூடியைக் கழற்றிக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காலமெல்லாம் கிலுகிலுப்பையோடுதான் ஓட்ட வேண்டும்.

துளையைச் சுற்றி வெள்ளைத் தூள் போகும்வரை சுத்தம் செய்து, கழுவி, காயவிடுங்கள். புதிய ரிவிட் 4.8 மி.மீ., மோனெல் என்ற நிக்கல் செம்புக் கலவையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரண அலுமினிய ரிவிட் கப்பிச் சுமைக்குத் தாங்காது. அதன் நீளம், பட்டையின் தடிமனும் குழாயின் தடிமனும் சேர்ந்ததற்கு மேல், உள்ளே மடங்க இன்னும் ஏழெட்டு மி.மீ. இருக்க வேண்டும். பட்டைக்கும் பூமுக்கும் நடுவிலும், ரிவிட்டின் உடலிலும் டெஃப்ஜெல் அல்லது டியூராலாக் பசையைத் தாராளமாகத் தடவுங்கள், பிதுங்கி வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். இந்தப் பசைதான் இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீரைப் புகவிடாமல் வைக்கிறது, இதை விட்டுவிட்டால் இதே வேலையைச் சீக்கிரமே மறுபடி செய்வீர்கள். வீட்டில் இருக்கும் சின்ன ரிவிட் துப்பாக்கி 4.8 மோனெலுக்கு அசையாது. நீளக் கைப்பிடி உள்ளதை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். நான் சின்னதோடு மல்லுக்கட்டி, கைப்பிடி வளைந்ததுதான் மிச்சம்.

துளை முட்டை வடிவமாகிவிட்டிருந்தால் அதே இடத்தில் பெரிய ரிவிட் அடிக்கும் ஆசை வரும். பட்டையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்திப் புதுத் துளை போடுவது மேல், அதுவும் பழைய துளைக்கு நேர் பக்கவாட்டில் வேண்டாம், குழாயைச் சுற்றி ஒரே வட்டத்தில் துளைகள் வந்தால் தபால்தலையைக் கிழிக்க ஓட்டை போட்ட மாதிரி ஆகிவிடும். பந்தயம் ஓட்டுகிறவராக இருந்தால் நகர்த்துவதற்கு முன் வகுப்பு விதிகளைப் படித்துவிடுங்கள், லேசர் விதிகள் இதில் கறாரானவை. மரத் திருகாணி மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். பூமுக்குள் கயிறு ஓடும் படகானால், அதன் கூரான முனை அந்தக் கயிற்றை அறுக்கும்.

திருகாணி, நட்டு போட வேண்டிய இடங்களில் தலையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ4 என்று பொறித்திருந்தால் 316 ரகம், கடலுக்கு ஏற்றது. ஏ2 என்றால் 304, நம் கடற்கரையில் சில மாதத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும். கடைக்காரர் "எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான் பாஸ்" என்பார். பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை.

ஷேக்கல், அதாவது திருகு ஆணி போட்டு மூடும் லாட வடிவ வளையம் இருக்கும் இடங்களில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கையால் திருகி, குறடால் ஒரு சின்ன முறுக்கு, பிறகு அதன் காதில் ஒரு பிளாஸ்டிக் டை போட்டு உடம்போடு கட்டி, வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள். பாய் படபடவென்று அடிக்கும்போது ஷேக்கல் ஆணி தானாகவே சுழன்று கழலும், அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். டை வாலை நீளமாக விட்டால் அதில் மெயின்ஷீட் மாட்டும், கை கிழியும். எனக்குப் பிடித்தது ஷேக்கலையே எடுத்துவிட்டு, 3 மி.மீ. டைனீமா கயிற்றை நாலைந்து சுற்று சுற்றிக் கட்டுவது. துருப்பிடிக்காது, கழலாது, தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். வெயில்தான் அதற்கு எதிரி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

தண்ணீரில் ஒரு தொல்லை

எல்லாம் சரியாகக் கட்டியும் லேசர் ஒரு குறும்பு செய்யும். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது படகைத் திருப்பினால் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும், அந்த நேரத்தில் தொய்ந்த மெயின்ஷீட் படகின் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் பூம் பாதியில் நிற்கும், படகு கவிழும். இதற்குச் சாமான் தேட வேண்டாம், கைவேலைதான்: பூம் தலைக்கு மேல் வரும் அந்தக் கணத்தில், கயிற்றைச் சட்டென்று ஒரு முழம் இழுத்து, சாட்டை சொடுக்குவது போல் ஒரு சொடுக்கு. டிராவலரை இறுக்கமாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கரையிலேயே நண்பர் ஒருவரைப் பூமைத் தள்ளச் சொல்லி பத்து முறை பழகுங்கள்.

திரும்பி வந்ததும் கப்பிகளை நல்ல தண்ணீரில் கழுவி, உருளைகளை விரலால் சுழற்றிப் பாருங்கள், எண்ணெய் கிண்ணெய் விடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெயின்ஷீட்டை உருவி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த கயிற்றின் மேல்நெசவு கையில் தூளாக வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெக்கெட்டில் கட்டியிருந்த முனையைக் கைப்பக்கமும், கைப்பக்க முனையைப் பெக்கெட்டிலும் மாற்றிக் கோத்துவிடுங்கள். ராட்செட் கவ்வும் இடம் எப்போதும் ஒரே இடமாக இருப்பதால் அங்கேதான் முதலில் நைந்துபோகும். எந்த முனை எப்போது மாறியது என்று மறந்துபோகும், ஒரு வெள்ளை டேப்பைச் சுற்றி அதில் மாதத்தை எழுதி வையுங்கள், என்னுடையதில் இப்போது 'மார்ச்' என்று பாதி அழிந்து நிற்கிறது, இந்தச் சனிக்கிழமை மாற்ற வேண்டும்.